பால் காய்ச்சிய நாள் முதல் ஓராண்டு

மேலகரம்,
27-6-1983

கியாரண்டிப் பிரிவு,
கவசம் ரூஃபிங் கம்பெனி,
திருநெல்வேலி ஜங்ஷன்.

மதிப்பிற்குரிய ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் நாங்கள் நலமாக இல்லை, நனைந்தபடி இருக்கிறோம்.

நான் மேலகரம் ஆவுடைநாயகத்தின் மகள் அகிலாண்டேஸ்வரி. பத்தாம் வகுப்பு. அப்பா பாவூர்சத்திரம் வெங்காய மண்டியில் குமாஸ்தா. பகல் முழுவதும் அங்கே கடிதம் எழுதுவதால் வீட்டுக்கு வந்தால் பேனாவைத் தொடமாட்டார். தவிர, அவருக்குச் சண்டை போட வராது. கடைக்காரர் அழுகல் தேங்காய் கொடுத்தால்கூட, "பாவம், அவருக்கும் யாரோ கொடுத்திருப்பாக" என்று வாங்கிவந்துவிடுவார். அதனால், "நீ எழுதுட்டி, ஆனா மரியாதையா எழுது" என்று என்னிடம் விட்டுவிட்டார். மரியாதையாகத்தான் எழுதுகிறேன். எங்காவது குறைந்தால் அது மழையின் குற்றம்.

தை மாதம் எங்கள் புது வீட்டுக் கான்கிரீட் தளத்தின் மேல் உங்கள் ஆட்கள் தார் ஷீட் ஒட்டிவிட்டுப் போனார்கள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தா என் மீசையை எடுத்துருதேன்" என்றார் உங்கள் மேஸ்திரி. அவருக்கு இன்னும் மீசை இருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.

இந்த வருடம் சாரல் தாமதம். போன வெள்ளிக்கிழமைதான் மலையை மறைத்துக்கொண்டு இறங்கியது. ஊர் எல்லாம் குற்றாலத்துக்கு ஓடியது. நாங்கள் ஓடவில்லை. குற்றாலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஹாலில் வரிசையாக ஐந்து இடத்தில் விழுவது ஐந்தருவி. என் கட்டிலுக்கு மேலே சிற்றருவி. அப்பாவின் ஈசிச்சேர் மேல் விழுவது புலியருவி. அது விழும்போதெல்லாம் அப்பா உறுமுகிறார். அடுக்களையில் அடுப்புக்கு நேர் மேலே விழுவதுதான் பேரருவி. நேற்று ரசம் வைத்தோம். இறக்கும்போது வைத்ததைவிட அதிகமாக இருந்தது.

உங்கள் கியாரண்டி கார்டில், "ஓராண்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகினாலும் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்" என்று இருக்கிறது. சொட்டு ஒன்று அல்ல என்பதால் மறுத்துவிடாதீர்கள்.

சிரிப்பாக எழுதினாலும் விஷயம் சிரிப்பில்லை ஐயா. வீடு கட்டும் முன் நாங்கள் மண்டிக்கு மேலே ஒரே அறையில் இருந்தோம். கீழே வெங்காய மூட்டை, மேலே நாங்கள். நான் பள்ளிக்கூடம் போனால் எனக்கு முன்னே என் வாசனை போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். என் பெயரே அங்கே "உள்ளி மூட்டை". ஒழுக்கு நிற்காவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி அங்கேயே போய்விடலாம் என்கிறார் அப்பா. சீக்கிரம் ஆள் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஈரமான வணக்கத்துடன்,
ஆ. அகிலாண்டேஸ்வரி


கவசம் ரூஃபிங் கம்பெனி
"கவசம் இருக்கக் கவலை எதற்கு?"
திருநெல்வேலி ஜங்ஷன்
4-7-1983

அன்புடையீர்,

தங்கள் 27-6-83 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். வாடிக்கையாளர்களின் திருப்தியே எமது மூலதனம்.

தங்கள் புகாரைப் பரிசீலிக்கக் கீழ்க்கண்டவை தேவைப்படுகின்றன. தளத்தின் மேல் ஆள் நடமாட்டம் உண்டா என்ற விவரம், ஒழுகுவதற்கான தக்க சான்று, மற்றும் புதுமனை புகுவிழா அழைப்பிதழ். கியாரண்டி காலம் "பால் காய்ச்சிய நாள் முதல் ஓராண்டு" என்பதால் அழைப்பிதழ் அவசியம்.

மேஸ்திரிக்கு மீசை உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
பொ. ஏசுதாசன்
கியாரண்டிப் பிரிவு


மேலகரம்,
8-7-1983

மதிப்பிற்குரிய ஏசுதாசன் ஐயா,

பதில் போட்டதற்கு நன்றி. மீசை இருப்பது வருத்தம்.

தளத்தின் மேல் ஆள் நடமாட்டம் இல்லை. குரங்கு நடமாட்டம் உண்டு. குற்றாலத்தில் சீசன் கூட்டம் தாங்காமல் சில குடும்பங்கள் மேலகரத்துக்கு வந்து தங்கியிருக்கின்றன. கியாரண்டி கார்டைத் தளத்தில் விரித்து வைத்து அவற்றுக்கு வாசித்தும் காட்டினேன். ஒரு தாட்டியான குரங்கு அதை வாங்கி முழுவதும் பார்த்துவிட்டு மூலையைக் கடித்தது. கார்டின் மூலை கிழிந்திருப்பது அதனால்தான். கிழித்தது வாடிக்கையாளர் அல்ல.

கார்டோடு அழைப்பிதழும் இத்துடன் வைத்திருக்கிறேன். மஞ்சள் தடவியது, கசங்காமல் பார்த்துக்கொள்ளவும். அம்மா ஒன்றே ஒன்றுதான் எடுத்து வைத்திருந்தாள். தரமாட்டேன் என்று அடம் பிடித்தாள். "முடிஞ்சு போனதை என்னத்துக்குக் கிளறணும்?" என்றாள். ஏன் அத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒழுகுவதற்குத் தக்க சான்று தனிப் பார்சலில் வருகிறது. தபால் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் வாங்கமாட்டார்களே என்று பாட்டிலின் மேல் "குற்றாலத் தீர்த்தம்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். பொய் ஒன்றும் இல்லை. குற்றாலத்து மழைதான். எங்கள் தளம் வழியாக வந்தது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஆ. அகிலாண்டேஸ்வரி


திருநெல்வேலி ஜங்ஷன்
15-7-1983

அன்புடையீர்,

தங்கள் கடிதமும் அழைப்பிதழும் கிடைத்தன. பார்சலும் கிடைத்தது. அது பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்சல் வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். எங்கள் முதலாளி திரு. சாம்பசிவம் அவர்களே அதைப் பிரித்தார். மேலே ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, "குற்றாலநாதர் நம்ம கடையைத் தேடியே வந்துட்டாரு" என்று தலையில் தெளித்துக்கொண்டார். ஒரு மிடறு குடித்தும்விட்டார். நான் வந்து தங்கள் கடிதத்தைக் காட்டியபோது தார் வாடை அடித்ததாக ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. இனி சான்றுகளைப் பாட்டிலில் அனுப்ப வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

அழைப்பிதழின்படி தங்கள் புதுமனை புகுவிழா 10-6-1982 அன்று நடைபெற்றுள்ளது. கார்டிலும் தங்கள் தந்தையார் அதே தேதியைத் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்டுள்ளார். ஆகவே கியாரண்டி 9-6-1983 அன்றோடு முடிவடைந்துவிட்டது. தங்கள் வீட்டில் ஒழுகத் தொடங்கியது 24-6-1983. வருந்துகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
பொ. ஏசுதாசன்


மேலகரம்,
19-7-1983

ஐயா,

முதலாளிக்கு வயிறு எப்படி இருக்கிறது? அதற்கு நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா என்னை ஒரு நாள் முழுக்கப் பார்க்காமலே பேசினார். "தண்ணிய அனுப்புனதுகூடப் பரவால்லட்டி, தீர்த்தம்னு எழுதுனே பாரு" என்றார்.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீங்கள் தார் ஷீட் ஒட்டியது 1983 தையில். கியாரண்டி தொடங்கியது 1982 வைகாசியில். தளமே இல்லாத தளத்துக்கு ஏழு மாதம் கியாரண்டி ஓடியிருக்கிறது! அந்த ஏழு மாதமும் உங்கள் கம்பெனி எங்கள் ஆகாசத்துக்கா பொறுப்பு? அப்படியானால் அப்போது பெய்த மழைக்கு நஷ்ட ஈடு கேட்டு வேறு கடிதம் எழுதுகிறேன். ஊரில் பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் கட்டுவார்கள். நீங்கள் தொட்டிலுக்கு வயதாகிவிட்டது, பிள்ளையை எடு என்கிறீர்கள்.

நடந்தது இதுதான். ஜோசியர் சிவசைலம், "வைகாசிய விட்டா இந்த வருசம் பூரா உங்க ராசிக்கு நாள் கிடையாது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்போது வீட்டில் நான்கு பக்கம் சுவரும் வாசல் நிலையும்தான் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் இது சகஜம்தான் ஐயா. நாள் தப்பக் கூடாது என்று பேருக்குப் பாலைக் காய்ச்சிவிட்டு, பிறகு சாவகாசமாக வீட்டைக் கட்டுவார்கள். அடுக்களை வாசலில் இரண்டு தென்னங்கீற்றைச் சார்த்தி, மூன்று செங்கல் வைத்து, அம்மா உள்ளே பால் காய்ச்சினாள். வெளியே சொந்தக்காரர்கள் குலவை போட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மண்டி மாடிக்கே திரும்பினோம். தளம் போட்டு நாங்கள் குடிவந்தது மாசியில். உங்கள் ஆள் கார்டை நீட்டி, "பால் காய்ச்சியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டதும் அப்பா நிஜத்தை எழுதிவிட்டார். நிஜம் எழுதியதற்கு இதுவா பரிசு?

அப்பா சாக்கும் கயிறும் கொண்டுவந்து பரணில் போட்டிருக்கிறார். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பதால்தான் இன்னும் இங்கே இருக்கிறோம். ஆவணி பிறந்ததும் கிளம்ப வேண்டியதுதான். ஆடி எங்களுக்காகக் கொஞ்சம் நின்று போகிறது. நீங்களும் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

இப்படிக்கு,
ஆகாசத்தின் கீழே,
அகிலாண்டேஸ்வரி


திருநெல்வேலி ஜங்ஷன்
26-7-1983

செல்வி அகிலாண்டேஸ்வரிக்கு,

முதலாளியின் வயிறு நலம்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தொட்டில் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டார்.

"பால் காய்ச்சிய நாள் முதல்" என்று கார்டில் போட்டது அவர் யோசனைதான். தளம் போட்டு முடித்தாலும் பலர் நல்ல நாளுக்காக வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்கிறார்கள். ஒட்டிய நாளிலிருந்து எண்ணினால் அவர்களுக்குப் பாதிக் கியாரண்டி பூட்டிய வீட்டிலேயே போய்விடும் என்று இரக்கப்பட்டு அப்படிப் போட்டார். கூரைக்கு முன்னால் பால் காய்ச்சுகிறவர்கள் இருப்பார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனாலும், "எழுதுனது எழுதுனதுதான், ஏசுதாசன். உமக்கு இரக்கம் வந்தா உம்ம சட்டையக் கழத்தி அந்த ஒழுக்குல அடையும்" என்று முடித்துவிட்டார்.

கம்பெனிக்கு வெளியே ஒரு வார்த்தை. நானும் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். மழை வந்தால் என் மனைவி முதலில் கிளப்புவது என்னையல்ல, பாயை. ஊர் முழுக்கக் கூரைக்குக் கியாரண்டி எழுதுகிறவன் தலைக்கு மேலே ஓட்டை. ஆகவே உன் சங்கடம் எனக்கு விளங்காமல் இல்லை.

இன்னொன்று. இது வெறும் ஆசைக்குக் கேட்கிறேன். எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குப் போனால் போதகர் வந்து ஜெபம் செய்வார், சங்கீதம் பாடுவோம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். நீங்கள் பாலை மட்டும் காய்ச்சினால் போதுமா, வேறு ஏதும் உண்டா? இத்தனை வருடம் இந்தத் தேதியைக் கார்டில் பதிகிறேன். என்ன செய்கிறார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை.

பொ. ஏசுதாசன்


மேலகரம்,
30-7-1983

அன்புள்ள ஏசுதாசன் அண்ணாச்சிக்கு,

சட்டையைக் கழற்ற வேண்டாம். இங்கே எங்கள் துணியே காய இடமில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: காய்ச்சினால் போதாது. பொங்க வேண்டும். பொங்கி வழிய வேண்டும். கிழக்கே வழிந்தால் விசேஷம். வழிகிற நேரத்தில் பெண்கள் குலவை போட வேண்டும். பிறகு அந்தப் பாலைச் சீனி போட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வழியாவிட்டால்? இதுவரை வழியவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உங்களுக்கு எழுதலாம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எம்மா, அன்னைக்கு நம்ம வீட்ல பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"எல்லாப் பக்கமுந்தான்."

"எல்லாப் பக்கமும் எப்படிம்மா பொங்கும்?"

"பொங்குச்சுட்டி! போய்ப் படி."

அண்ணாச்சி, என் அம்மா என்னை அடுக்களையிலிருந்து படிக்கத் துரத்தியது சரித்திரத்திலேயே அன்றுதான். அதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத முடியாது. உலகம்மன் பெயரில் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆகவே வேறு ஒரு கதை எழுதுகிறேன். என் தோழி ஒருத்தி. பெயர் சொல்ல முடியாது. அவள் வீடும் மேலகரம்தான். அவள் வீட்டிலும் தார் ஷீட்தான். அவள் அம்மா கூரையில்லாத அடுக்களையில் தனியாகப் பால் காய்ச்சியபோது மேலே ஆகாசத்திலிருந்து சாரல் விழுந்து அடுப்பு புஸ்ஸென்று அணைந்துவிட்டது. விறகு நனைந்துவிட்டது. வெளியே கூட்டம், "பொங்கிட்டா? பொங்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்ன செய்வாள்? "பொங்கிட்டு!" என்றுவிட்டாள். வெளியே குலவை. உள்ளே அந்த அம்மா பானையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். கடையத்துச் சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மதினி, ஐஸ் போட்டியளா?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நடந்தாலும் அந்த அம்மாவுக்குப் பால் ஞாபகம்தான். இப்போது ஒழுகுகிறது இல்லையா, ஒவ்வொரு சொட்டும் அந்தப் பால் கேட்கிற கேள்வி என்று நினைத்துக்கொண்டு, பாத்திரம் வைக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். என் தோழிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கேள்வி இதுதான்: பொங்காத பாலுக்குக் கியாரண்டி தொடங்குமா, தொடங்காதா? தோழி கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தோழியின் தோழி,
அகிலா


திருநெல்வேலி ஜங்ஷன்
5-8-1983

அன்புள்ள அகிலாவுக்கு,

உன் தோழியை நான் விசாரித்ததாகச் சொல்.

அவள் கேள்வி கம்பெனியைக் கலக்கிவிட்டது. முதலாளி மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தபடியே இதைக் கேட்டார். பக்கத்தில் முதலாளியம்மா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்னே அம்மா சொல்லிவிட்டார்கள்: "பொங்காத பால் காப்பிக்கு ஆகும், புது வீட்டுக்கு ஆகாது. அந்தப் புள்ளைக்கு இன்னும் பாலே காய்ச்சலன்னுதான் அர்த்தம்."

முதலாளி, "இது கம்பெனி விசயம்" என்றார். "அப்ப சோத்தையும் கம்பெனியே போடட்டும்" என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ரசத்துக்கு முன்பே முதலாளி தீர்ப்பை மாற்றிக்கொண்டார்.

ஆகவே கம்பெனி முடிவு: பால் பொங்கவில்லையென்றால் கியாரண்டி தொடங்கவே இல்லை. முறைப்படி பொங்கிய நாளிலிருந்து புதுக் கார்டு தரப்படும். அதன் பிறகு ஒழுகினால், அதாவது உடனேயே, இலவசமாகச் சரிசெய்து தரப்படும்.

ஆனால் ஒரு சிக்கல். தோழி வாய்ச்சொல் போதாது. அன்று பால் பொங்கவில்லை என்று வீட்டம்மாள் தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்கிறார் முதலாளி. இதில் முதலாளியம்மாவும் அவர் பக்கம்தான்.

ஆவணிக்கு நாள் அதிகமில்லை. தோழியின் அம்மா சம்மதிப்பார்களா?

பொ. ஏசுதாசன்


மேலகரம்,
11-8-1983

அன்புள்ள அண்ணாச்சி,

தோழி என்று யாரும் இல்லை. உங்களுக்கு முதலிலேயே தெரியும் என்று எனக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் வாசித்தேன். முதலில் சத்தியத்தை மீறியதற்கு அகப்பை பறந்தது. நான் பத்திரம். ஐந்தருவியில் நடு அருவிக்கு வைத்திருந்த செம்பு நசுங்கியது. பிறகு, "எழுதிக் குடுத்து ஊர் சிரிக்கவா? உள்ளி வாடையே மேலு. வாங்க, மண்டிக்கே போவோம்" என்று அம்மாவே சாக்கை எடுத்து உதறினாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று அப்பா மண்டியிலிருந்து வந்து, மாடி அறையை ஒழித்துவைக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அம்மா பீரோவைக் காலி பண்ண ஆரம்பித்தாள். இரண்டு புடவை எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, அன்னைக்குப் பால் பொங்கல. நான்தான் பொங்குச்சுன்னு சொல்லிட்டேன். அதான் வீடு நம்மள விரட்டுது."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றது கை. "அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா" என்றார்.

"எப்படி?"

"ரெண்டு டம்ளர் குடிச்சேனே. பச்சைப் பாலு. கேட்டா நீ அழுவேன்னு கேக்கல."

"தெரிஞ்சுமா ரெண்டு டம்ளர் குடிச்சிய?"

"ஒண்ணு குடிச்சா சந்தேகம் வந்துரும்லா."

அம்மா அழுதாள், சிரித்தாள், பிறகு அப்பாவைத் திட்டினாள். ஒரு வருடமாகத் தெரிந்தும் சொல்லாமல் தன்னைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள விட்டதற்கு. ஒரு மணி நேரம் திட்டு. மேலே பெய்ததைவிட அது பலம்.

கடைசியில் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லி அவளே எழுதினாள். இத்துடன் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"அன்று பால் பொங்கவில்லை. ஆனால் பால் கெட்ட பால் இல்லை. கறந்த பால். மழைதான் அணைத்தது. உலகம்மாள்."

அவளுக்கு ஒரு நிபந்தனை. சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது. மறுபடி பால் காய்ச்ச அழைத்தால் ஏன் என்று கடையத்திலிருந்து கேள்வி வரும். அதனால் ஆவணி 3, வெள்ளிக்கிழமை காலை, யாரையும் கூப்பிடாமல் காய்ச்சுகிறோம். விருந்தாளி கம்பெனி மட்டும்தான். நீங்கள் வர வேண்டும். பார்த்தால்தானே கார்டில் தேதி போட முடியும்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரருவி அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. அடுப்பை நகர்த்தலாம் என்றால் அம்மா, "அக்கினி மூலைய மாத்தக் கூடாது" என்கிறாள். எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் மழை விடும்படி உங்கள் போதகரிடம் சொல்ல முடியுமா?

அகிலா


திருநெல்வேலி ஜங்ஷன்
15-8-1983

அன்புள்ள அகிலாவுக்கு,

உன் அம்மாவின் தாளை முதலாளி இரண்டு முறை படித்தார். பிறகு கோப்பில் வைக்கச் சொன்னார். "கறந்த பால்" என்ற இடத்தை முதலாளியம்மாவுக்குப் போனில் வாசித்தும் காட்டினார்.

வெள்ளி முதல் பஸ்ஸில் வருகிறேன். மேஸ்திரியும் தார் ஷீட்டும் வேனில் வரும். முதலில் பால், பிறகுதான் தார். வரிசை மாறக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

போதகரிடம் கேட்டேன். மழையை நிறுத்தச் சொல்லி ஜெபிக்க மாட்டாராம். விவசாயிகளும் சபையில் இருக்கிறார்களாம். குடை கொண்டுபோகச் சொன்னார்.

பொ. ஏசுதாசன்


திருநெல்வேலி ஜங்ஷன்
22-8-1983

திரு. ஆவுடைநாயகம் குடும்பத்தாருக்கு,

கம்பெனிக் கோப்புக்காக நான் எழுதிய அறிக்கையின் நகலை அனுப்புகிறேன்.

"19-8-83 காலை மேலகரம் சென்றேன். நல்ல சாரல். அடுப்புக்கு மேலே ஒழுக்கு இருந்ததைக் கண்ணாலும் தலையாலும் உறுதி செய்தேன். வீட்டம்மாள் அடுப்பு மூட்டினார். நான் அடுப்புக்கு மேலே குடை பிடித்தேன். குடையில் ஒரு சிறு ஓட்டை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதை வீட்டுக்காரர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். புகையில் மூவரும் அழுதோம். பால் பொங்கியது. கிழக்கே நான் நின்றதால் என் வேட்டியின் மேல் பொங்கியது. குலவை போட வேறு பெண்கள் இல்லாததால் வீட்டுப் பெண் தனியாகப் போட்டாள். தளத்தில் இருந்த குரங்குகள் ஓடிவிட்டன. பின்பு எனக்குக் கொடுத்த பாலில் என் நாக்கு வெந்தது. ஆகவே பால் முறைப்படி காய்ச்சப்பட்டது என்று சான்றளிக்கிறேன்."

"வேட்டியின் மேல்" என்பதை அடித்துவிடச் சொன்னார் முதலாளி. நான் அடிக்கவில்லை. பால் பொங்கியபோது உலகம்மாள் அம்மா, "உம்ம பக்கமில்ல பொங்கியிருக்கு, ஏசுதாசன் தம்பி. உமக்கும் ஒரு வீடு அமையும், பாரும்" என்று சொன்னார்கள். இதை என் மனைவியிடம் சொன்னேன். அந்த வேட்டியை அவள் இன்னும் துவைக்கவில்லை.

புதுக் கார்டு இத்துடன் உள்ளது. தேதியை அம்மாவே எழுதியது நல்லதாயிற்று. ஷீட்டுகள் இணையும் இடத்தில் போன தடவை தார் சரியாகப் பிடிக்கவில்லை. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். இனி ஒழுகாது என்று மேஸ்திரி சொல்கிறார். மீசையைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அன்று அகிலா சவரக் கத்தியை வாசலில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

பொ. ஏசுதாசன்
கியாரண்டிப் பிரிவு


மேலகரம்,
5-9-1983

அன்புள்ள அண்ணாச்சி,

நலம், நலமறிய ஆவல். இந்தத் தடவை தாராளமாகத் தொடங்கலாம்.

சாக்கையும் கயிற்றையும் அப்பா மண்டிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். மாடி அறையில் இப்போது நிஜமான உள்ளி மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். அதுகள் அங்கே நல்லா இருக்கட்டும்.

நீங்கள் போன பிறகு சாரல் விடவே இல்லை. முதல் நாள் அம்மா எல்லாப் பாத்திரத்தையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. மறுநாள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நேற்று கடையத்துச் சித்தப்பா வந்திருந்தார். அம்மா அவருக்குக் காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். "என்ன மதினி, நாக்கே போச்சு!" என்று அலறினார். அம்மா, "ஐஸ் போடட்டா?" என்று கேட்டாள். எதற்கு நாங்கள் மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஒழுகவில்லை என்பதற்கும் தக்க சான்று அனுப்ப வேண்டும் அல்லவா? தனிப் பார்சலில் ஒரு பாட்டில் வருகிறது. மூடியைத் திறந்து அடுப்புக்கு மேலே, பேரருவி விழுந்த அதே இடத்துக்குக் கீழே, சாரல் முழுவதும் வைத்திருந்து, பிறகு கவனமாக மூடி ஒட்டியது. உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

தைரியமாக முதலாளியையே பிரிக்கச் சொல்லுங்கள். வேண்டுமானால் குடித்தும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
காய்ந்த கையெழுத்தில்,
அகிலா